சிக்காத தோட்டாவே நல்ல தோட்டா: ஒற்றைக்கைப் பிஸ்டல் போட்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பிஸ்டல் சுடப் புதிதாக வருபவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி: "எந்தத் தோட்டா நல்லது?" ரேஞ்சில் பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பெயர் வரும். ஒவ்வொருவரும் தன் துப்பாக்கிக்கு ஒத்துவந்ததைச் சொல்வார்கள், பொய்யில்லை. ஆனால் அந்தப் பதில் உங்களுக்கு உதவாது. ஒரே கம்பெனி, ஒரே மாடல் பிஸ்டல் இரண்டை அருகருகே வைத்தால்கூட ஒன்று விரும்பும் தோட்டாவை மற்றது விரும்பாது.

நான் தொடங்கியபோது செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். இருப்பதிலேயே விலை உயர்ந்த தோட்டாவை வாங்கினேன். விலை அதிகம் என்பதால் பார்த்துப் பார்த்துச் சுட்டேன். நூறு சுட வேண்டிய நாளில் முப்பது சுட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். ஆறு மாதம் கழித்து ஸ்கோர் அப்படியே இருந்தது. தோட்டா என்னவோ அருமையானதுதான். கைதான் பழகவில்லை.

எனவே பெயரைத் தேடுவதை விட்டு, எந்த வரிசையில் பார்ப்பது என்பதைப் பழகிக்கொள்ளுங்கள். விதி அனுமதிக்கிறதா, துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதா, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதைக்கிறதா, நிறைய வாங்கிச் சுட முடியுமா, இந்த வரிசையில் பாருங்கள். குறிதவறாமை கடைசியில் வரட்டும். ஏன் கடைசி என்பதற்குக் கணக்கே இருக்கிறது, வருகிறேன்.

விதிப்புத்தகம் முதலில்

எந்தப் போட்டிக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தோட்டாவின் வகை பாதி முடிவாகிவிடும்.

சர்வதேசத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகளில் 25 மீட்டர் ஸ்டாண்டர்ட் பிஸ்டல், ரேபிட் ஃபயர் (வேகமாகச் சுடும் பிரிவு), பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல், 50 மீட்டர் பிஸ்டல் எல்லாவற்றுக்கும் .22 லாங் ரைஃபிள் தோட்டாதான். பெயரில் ரைஃபிள் இருந்தாலும் பிஸ்டலுக்கும் இதுவே; .22 என்பது அங்குலத்தில் குண்டின் விட்டம். சென்டர் ஃபயர், அதாவது தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும் பெரிய தோட்டாக்களின் பிரிவில் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரையிலான குண்டுகளைப் பயன்படுத்தலாம். பத்து மீட்டரில் 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டல் பெல்லட், காற்றழுத்தம் தள்ளும் சிறு குண்டு. குண்டு ஈயத்தாலோ அதுபோன்ற மென்மையான பொருளாலோ ஆனதாக இருக்க வேண்டும். மேலே உலோக உறை போட்ட குண்டுக்கு அனுமதி இல்லை. ரேபிட் ஃபயரில் ஒரு காலத்தில் உதை குறைவு என்பதற்காக .22 ஷார்ட் தோட்டாவைப் பயன்படுத்தினார்கள். 2004 ஒலிம்பிக்குக்குப் பிறகு விதி மாறியது, இப்போது அங்கேயும் லாங் ரைஃபிள்தான். பழைய ரேபிட் ஃபயர் பிஸ்டல் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அது எந்தத் தோட்டாவுக்குச் செய்தது என்று முதலில் கேளுங்கள்.

அமெரிக்காவில் வளர்ந்த புல்ஸ்ஐ போட்டி வேறு மாதிரி. முழுப் போட்டி 2700 புள்ளிக்கு. .22, ஏதாவது ஒரு சென்டர் ஃபயர், .45 என்று மூன்று துப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் 900. மெதுவாகச் சுடும் பகுதி 50 கெஜத்தில் நடக்கும், 20 வினாடிக்கு ஐந்து, 10 வினாடிக்கு ஐந்து என்ற வேகப் பகுதிகள் 25 கெஜத்தில். நிறையப் பேர் .45 ஒன்றையே சென்டர் ஃபயருக்கும் வைத்துக்கொண்டு இரண்டு துப்பாக்கியோடு சமாளிப்பார்கள்.

எதில் இறங்கினாலும் .22 இல் தொடங்குங்கள். உதை குறைவு, செலவும் குறைவு. கண்ணும் விரலும் செய்யும் தவறு அதில் பளிச்சென்று தெரியும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியும் அதைப் பற்றித்தான்.

கை ஆடும் அளவு எவ்வளவு?

இப்போது அந்தக் கணக்கு. 25 மீட்டர் நிதானச் சுடுதலின் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். ஒவ்வொரு வளையமும் 50 மில்லிமீட்டர் கூடிக்கொண்டே போகும். கறுப்பு வட்டம் முழுவதும் 200. புதியவர் ஒருவர் தன் குண்டுகளையெல்லாம் அந்தக் கறுப்புக்குள் போட்டுவிட்டாலே நல்ல தொடக்கம். அப்படியானால் அவர் கையின் சிதறல் ஏறக்குறைய 200 மில்லிமீட்டர்.

மலிவான தோட்டா ஒன்று, பிஸ்டலை அசையாமல் பிடித்துச் சுட்டால் 40 மில்லிமீட்டருக்குள் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். உயர்தரத் தோட்டா 15க்குள் விழுகிறது. இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான். கையின் சிதறலும் தோட்டாவின் சிதறலும் நேராகக் கூடுவதில்லை. இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மலிவான தோட்டாவோடு மொத்தச் சிதறல் சுமார் 204. உயர்தரத் தோட்டாவோடு சுமார் 200.5. வித்தியாசம் மூன்றரை மில்லிமீட்டர். .22 குண்டு போடும் ஓட்டையே அதைவிடப் பெரியது.

அதே கணக்கை, கையின் சிதறலை 60 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்துவிட்ட ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள். 72 எதிரே 62. இங்கே பத்து மில்லிமீட்டர் வித்தியாசம், வளையக் கோட்டில் நிற்கும் குண்டுகளை இது நிச்சயம் இழுத்து உள்ளே போடும். 50 மீட்டரில் தோட்டாவின் சிதறல் இரண்டு மடங்காகிவிடும், ஆனால் பத்து வளையம் அதே 50 மில்லிமீட்டர்தான். 50 மீட்டர் பிஸ்டல் சுடுபவர்கள் தோட்டாவைப் பற்றி ஓயாமல் பேசுவதில் நியாயம் இருக்கிறது. 2016க்குப் பிறகு அந்தப் பிரிவு ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. பேச்சு மட்டும் போகவில்லை.

ஆக, கறுப்புக்குள் எல்லாவற்றையும் போட முடியாத வரை நடுத்தர ரகத் தோட்டாவே போதும். மிச்சமாகும் பணத்தில் இன்னும் இரண்டு பெட்டி வாங்கிச் சுடுங்கள்.

பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பது

.22 தோட்டாப் பெட்டியில் பார்க்க வேண்டியவை மூன்று: குண்டின் எடை, வேகம், லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்).

எடை பெரும்பாலும் 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். போட்டிக்கு அதையே வாங்குங்கள். இலேசான குண்டு போட்டு வேகத்தைக் கூட்டிய தோட்டாக்கள் வேறு வேலைக்கானவை.

வேகம் என்ற இடத்தில் "ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி" என்றோ "டார்கெட்", "மேட்ச்" என்றோ இருக்க வேண்டும். வினாடிக்கு 320, 330 மீட்டர் அளவில் எண் இருக்கும். ஒலியின் வேகம் சாதாரண வெப்பநிலையில் சுமார் 340 மீட்டர். ஒலியைவிட வேகமாகக் கிளம்பும் குண்டு வழியில் ஒலியின் வேகத்தைக் கடந்து கீழே இறங்கும்போது தடுமாறும். அதனால்தான் இலக்குத் தோட்டாக்களை அந்த எல்லைக்குக் கீழேயே வைத்திருக்கிறார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெட்டியில் அச்சிடும் வேகம் பொதுவாக நீளமான குழலில் அளந்தது. பிஸ்டலின் குழல் ஐந்து, ஆறு அங்குலம்தான், அதில் வேகம் கணிசமாகக் குறைந்துவிடும். ஸ்டாண்டர்ட் தோட்டா இன்னும் பாதுகாப்பாக ஒலிக்குக் கீழே போய்விடுகிறது. "ஹை வெலாசிட்டி" தோட்டாவோ குறைந்து குறைந்து சரியாக அந்தத் தடுமாறும் எல்லைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆகாத கூட்டணி.

ஹை வெலாசிட்டியைத் தவிர்க்க இன்னொரு காரணம், துப்பாக்கியின் உடம்பு. இலக்குப் பிஸ்டல்களில் ஸ்லைடை, அல்லது போல்ட்டை (சுட்டதும் பின்னால் போய்த் திரும்பி அடுத்த தோட்டாவை ஏற்றும் பாகம்), பின்னால் தள்ளுவது தோட்டா வெடித்த அழுத்தமே. அதன் ஸ்பிரிங்கை ஸ்டாண்டர்ட் தோட்டாவுக்கு ஏற்றபடிதான் வைத்திருப்பார்கள். அதைவிட வேகமானதைத் தொடர்ந்து போட்டால் ஸ்லைடு பின்சுவரில் போய் மோதிக்கொண்டே இருக்கும். துப்பாக்கியோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்கும். படிக்காமல் தூக்கிப் போடும் முதல் காகிதமும் அதுதான்.

பெயர் கேட்பீர்கள், தெரியும். எஸ்கே பிஸ்டல் மேட்ச், சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, ஈலியும் ஆர்டபிள்யூஎஸ்ஸும் பிஸ்டலுக்கென்று செய்யும் வகைகள் என்று உலகெங்கும் ரேஞ்சுகளில் இவற்றைப் பார்க்கலாம். ஈலி டெனெக்ஸ் என்பது உச்சத்தில் இருக்கும் பெயர். உங்கள் ஊரில் தொடர்ந்து கிடைக்கும் மூன்று வகையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று பெட்டி வாங்குங்கள். ஒருமுறை கிடைத்து அடுத்த வருடம் கிடைக்காத அபூர்வத் தோட்டாவைச் சோதிப்பது வீண் வேலை.

ரைஃபிளுக்கான தோட்டாவைப் பிஸ்டலில் போடக்கூடாதா? போடலாம், அளவு ஒன்றுதான். ஆனால் ரைஃபிள்காரர் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் உள்ளே வைப்பவர். அவருக்குத் தோட்டா மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கும் கூட்டிலிருந்து) தானாக ஏற வேண்டும் என்ற கவலை இல்லை. பிஸ்டலுக்கென்று செய்யும் தோட்டாவில் அந்தக் கவலையையும் சேர்த்துப் பார்த்திருப்பார்கள்.

ஒரு கையில் ஓடுகிறதா?

இதுதான் மிக முக்கியமான படி. பலர் இதைத் தாண்டிக் குதித்து, நேராகக் குரூப், அதாவது குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதை, அளக்கப் போய்விடுகிறார்கள்.

பத்து வினாடிக்கு ஐந்து குண்டு சுடும் தொடரில், மூன்றாவது தோட்டா சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? விதிகளில் திரும்பச் சுட வாய்ப்பு உண்டு, ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சர்வதேச விதியில், துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி கையை உயர்த்தி அதிகாரியை அழைக்க வேண்டும். நீங்களே திறந்து சரிசெய்யப் பார்த்தால் அந்தச் சலுகை போய்விடும், சுடாத குண்டுக்குப் பூஜ்யம். சலுகை கிடைத்தாலும் அதற்குள் மனது கலைந்திருக்கும். ஒரு ஜாம் தின்னும் புள்ளியை, உயர்தரத் தோட்டா தரும் துல்லியம் ஒரு நாளும் திருப்பித் தராது.

சோதிக்கும் முறை இது. துப்பாக்கியைச் சுத்தம் செய்து, கையேடு சொல்லும் இடத்தில் எண்ணெய் விட்டு, ஒரு வகைத் தோட்டாவில் குறைந்தது நூறு சுடுங்கள். ஐந்து ஐந்தாக மேகசினில் போட்டு, வேகத் தொடராகவே சுடுங்கள். முக்கியமாக, போட்டியில் நிற்பதுபோல நின்று ஒரே கையில் சுடுங்கள். மேசையில் மணல்மூட்டை வைத்து இரண்டு கையால் பிடித்துச் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். ஸ்லைடு முழுத் தூரம் பின்னால் போக வேண்டுமானால் துப்பாக்கியின் உடல் அசையாமல் நிற்க வேண்டும். ஒற்றைக் கையில் மணிக்கட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் உடலும் சேர்ந்து பின்னால் போகும். ஸ்லைடு பாதியில் திரும்பும், வெறுங்கூடு வாயில் மாட்டிக்கொள்ளும். மென்மையான தோட்டாவில் இது இன்னும் அதிகம். இரண்டு கையில் ஆயிரம் சுட்டும் சிக்காத தோட்டா, களைத்துப்போன ஒற்றைக் கையில் நாற்பதாவது குண்டுக்குச் சிக்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த நூறில் கடைசி முப்பதைக் கை களைத்த பிறகே சுடுங்கள்.

சிக்கும்போதெல்லாம் எரிச்சலில் தட்டி எறிந்துவிடாமல், என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தோட்டா வெடிக்கவில்லையா? வெளியே எடுத்து விளிம்பைப் பாருங்கள். .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் விளிம்புக்குள் சுற்றிலும் இருக்கிறது. ஊசி அடித்த பள்ளம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால், அந்த இடத்தில் மருந்து சரியாகப் பரவவில்லை, தோட்டாவின் குற்றம். பள்ளம் மேலோட்டமாக இருந்தால் துப்பாக்கியின் குற்றம்: அழுக்கு, தளர்ந்த ஸ்பிரிங், அல்லது தோட்டா முழுதாக உள்ளே போகாதது. கூடு வெளியே வராமல் மாட்டினால் உதை போதவில்லை, அல்லது கூட்டை இழுக்கும் கொக்கி அழுக்காக இருக்கிறது. அடுத்த தோட்டாவின் ஈய மூக்கு நசுங்கி நின்றால் மேகசினைச் சந்தேகியுங்கள். எப்போதும் ஒரே மேகசினில்தான் சிக்குகிறதா என்று பார்க்க, மேகசின்களில் எண் எழுதி வையுங்கள். என்னிடம் இருந்த நாலில் ஒன்று மட்டும் குற்றவாளி. அதைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு வகைத் தோட்டாவை வீணாகத் திட்டித் தீர்த்திருந்தேன்.

மேகசினில் ஏற்றும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். .22க்கு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் மேல்தோட்டா முன்னே நகரும்போது கீழ்த்தோட்டா அதைப் பிடித்துக்கொள்ளும்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு விஷயம், இதில் சமரசமே கூடாது. விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கின் பக்கமே வைத்து, குறைந்தது 30 வினாடி காத்திருந்து பிறகு திறக்க வேண்டும். தாமதித்து வெடிக்கும் தோட்டா அபூர்வம், ஆனால் உண்டு. இரண்டாவது இன்னும் ஆபத்து. சத்தம் வழக்கத்தைவிடச் சன்னமாக, "புஸ்" என்று வந்தால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும், உடையவும் கூடும். ரேஞ்ச் அதிகாரியிடம் சொல்லி, துப்பாக்கியைக் காலிசெய்து, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது. வேகத் தொடரில் காது மூடியோடு நிற்கும்போது இதைக் கவனிப்பது கஷ்டம்தான். கையில் உதை தெரியாததையும் அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நூறில் ஒன்றுகூடச் சிக்காத வகைகளை மட்டும் அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

குரூப் பார்ப்பது

சரி, இப்போது மணல்மூட்டை வரலாம். மேசையில் மூட்டையை வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, ஒரே நிதானத்தில் சுடுங்கள். துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்கும் இயந்திரப் பிடி உங்கள் கிளப்பில் இருந்தால் இன்னும் நல்லது.

புதியவர்கள் இங்கே ஏமாறும் விதம் எப்போதும் ஒன்றுதான். மூன்று குண்டு சுட்டு, மூன்றும் ஒட்டி விழுந்தால் "இதுதான் என் தோட்டா" என்று முடிவு கட்டிவிடுவது. மூன்று குண்டு தற்செயலாக ஒட்டி விழுவது சர்வசாதாரணம். ஒவ்வொரு வகையிலும் பத்துக் குண்டுக் குரூப் ஐந்தாவது சுடுங்கள். ஒரே வகையை ஐம்பது சுட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிச் சுடுங்கள், இல்லையென்றால் கடைசி வகைக்கு உங்கள் களைப்பும் சேர்ந்து விழும். ஐந்து குரூப்பிலும் மிகச் சிறியதைச் சட்டம் போட்டு மாட்டத் தோன்றும். அதை விட்டுவிட்டு மிகப் பெரியதைப் பாருங்கள். போட்டியில் உங்களைக் கவிழ்ப்பது அதுதான். சராசரி கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் எட்டிப்போகும் குண்டு இல்லாத தோட்டாவை நான் எடுப்பேன். நிதானமாக விழுந்துகொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் எட்டில் போய் உட்கார்ந்தால், அது என் விரலா தோட்டாவா என்ற சந்தேகம் வந்துவிடும். அந்தச் சந்தேகம் அடுத்த ஐந்து குண்டையும் தின்றுவிடும்.

ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பத்துப் பதினைந்து குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு தோட்டாவின் மேலும் மெழுகுப் பூச்சு இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. குழலுக்குள் பழைய பூச்சு போய்ப் புதிய பூச்சு படியும் வரை குண்டுகள் அங்குமிங்கும் போகும். குழலைப் பளபளவென்று துடைத்தவுடனும் இதே கதைதான்.

தோட்டா மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். புதியவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று: மெதுவான தோட்டா பல சமயம் கீழே விழாமல் மேலே விழும். குண்டு குழலுக்குள் இருக்கும்போதே துப்பாக்கியின் மூக்கு மேலெழத் தொடங்கிவிடுகிறது. மெதுவான குண்டு குழலுக்குள் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்குவதால் இன்னும் உயர்ந்த மூக்கிலிருந்து கிளம்புகிறது. ஆகவே பயிற்சிக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று என்று இரண்டு வகை வைத்தால், குறிபார்க்கும் சைட்டை எத்தனை க்ளிக் திருப்ப வேண்டும் என்பதை நோட்டில் எழுதி வையுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், முதல் இரண்டு வருடம் இரண்டு வகையே வேண்டாம். பயிற்சிக்கும் போட்டிக்கும் ஒரே தோட்டா. கைக்குப் பழகிய உதை, காதுக்குப் பழகிய சத்தம், திருப்ப வேண்டாத சைட்.

குளிரும் வெயிலும் ஈயமும்

குளிர்காலக் காலையில் மெழுகு இறுகிப்போகும். கோடையில் ஓடிய தோட்டா அப்போது திணறலாம். சோதனையை ஒரு பருவத்தோடு நிறுத்தாமல், எதிர்ப் பருவத்திலும் ஒரு பெட்டி சுட்டுப் பாருங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் தோட்டாப் பெட்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஈரமில்லாத, வெப்பம் அதிகம் மாறாத இடத்தில், சட்டம் சொல்லும் பூட்டுக்குள் வையுங்கள். தோட்டாவின் மேல் எண்ணெய் படக்கூடாது. துரு நீக்கும் எண்ணெய்கள் விளிம்புக்குள் ஊடுருவித் தீப்பற்றும் மருந்தைக் கெடுத்துவிடக்கூடும். தரையில் விழுந்து மண் ஒட்டிய தோட்டாவைத் துடைத்து மறுபடி போடும் சிக்கனமும் வேண்டாம். மெழுகில் ஒட்டிய மணல் குழலைக் கீறும்.

குண்டும் ஈயம், பெரும்பாலான தோட்டாக்களில் தீப்பற்றும் மருந்திலும் ஈயம் இருக்கிறது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னாதீர்கள். ரேஞ்சில் போட்ட சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

பெரிய குண்டுகள், சுருக்கமாக

சென்டர் ஃபயருக்கு வரும்போது "வாட்கட்டர்" என்ற சொல்லைக் கேட்பீர்கள். மூக்கே இல்லாமல் தட்டையாக, உருளை மாதிரி இருக்கும் குண்டு. காகிதத்தில் காகிதத்துளைப்பான் போட்டது மாதிரி வட்ட ஓட்டை விழும், வளையக் கோட்டைத் தொட்டதா இல்லையா என்ற வாக்குவாதம் குறையும். .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங்கில் 100 கிரெயின் அளவிலும், .38 ஸ்பெஷலில் 148 கிரெயினிலும் இவை கிடைக்கும். கோட்டைத் தொட்டால் உயர்ந்த புள்ளி கிடைக்கும் என்பதால் பெரிய குண்டுக்குக் கொஞ்சம் ஆதாயம் உண்டு. ஆனாலும் சர்வதேசப் போட்டியில் நிறையப் பேர் .32ஐயே எடுக்கிறார்கள், உதை குறைவு என்பதற்காக. நானும் அந்தப் பக்கம்தான். கோட்டில் கிடைக்கும் ஓரிரு புள்ளிக்காக உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் பழக்கத்தை வாங்கிக்கொள்வது நஷ்ட வியாபாரம்.

.45 இல் 185 அல்லது 200 கிரெயின் செமி வாட்கட்டர் (தட்டை முனையோடு சின்ன மூக்கு உள்ள குண்டு)தான் புல்ஸ்ஐக்காரர்களின் வழக்கம். ராணுவத்தில் வழங்கிய 230 கிரெயின் உருண்டை மூக்குத் தோட்டாவைவிட இது மெதுவாக உதைக்கும். உதை குறைந்தால் ஸ்லைடின் ஸ்பிரிங்கும் அதற்கேற்ப இலேசாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சிக்கும். ஸ்பிரிங்கை மாற்றியதை மறந்து முழு வேகத் தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியை அடித்து நொறுக்காதீர்கள். தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்வது இந்தப் பிரிவில் பரவலான வழக்கம், ஆனால் அது தனிக் கல்வி. அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அச்சிட்ட கையேட்டை வைத்துச் சொல்லித்தராமல் தொடவே தொடாதீர்கள்.

ஏர் பிஸ்டல் பெல்லட்

ஏர் பிஸ்டலில் கதை எளிது, சிக்குவது என்ற கவலையே இல்லை. ஒவ்வொன்றாகக் கையால் வைக்கிறீர்கள். பத்து மீட்டர் இலக்கில் பத்து வளையம் 11.5 மில்லிமீட்டர்.

தட்டை மூக்கு மேட்ச் பெல்லட் வாங்குங்கள். பிஸ்டலுக்கானவை பெரும்பாலும் 0.45 முதல் 0.5 கிராம் வரை, ரைஃபிளுக்கானவை 0.53 கிராம். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் இரண்டும் இரு எடையிலும் வரும். டப்பாவின் மேல் 4.49, 4.50 என்று தலையின் அளவு போட்டிருப்பார்கள். எது உங்கள் குழலுக்கு ஒட்டும் என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் கை ஒன்பதுக்குள் நிலைக்கும் வரை அந்த நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைத் துரத்த வேண்டாம். அதைவிட, டப்பாவைக் கீழே போடாமல் இருப்பது முக்கியம். பெல்லட்டின் பின்பாவாடை காகிதம் மாதிரி மெல்லியது, லேசாக இடித்தாலே நசுங்கும். உள்ளே வைக்கும் முன் ஒரு பார்வை பார்த்து, நசுங்கியதைத் தனியே போடுங்கள்.

லாட் எண்

உங்களுக்குப் பொருந்திய தோட்டாவைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். கடைக்குப் போய் அதே பெயரைச் சொல்லி வாங்கினால் அதே தோட்டா கிடைக்குமா? கிடைக்காமலும் போகலாம். ஒரே பெயரில் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். பெட்டியின் ஓரத்தில் இருக்கும் லாட் எண் அதற்குத்தான். சோதனை செய்த பெட்டியின் மூடியைக் கிழித்து நோட்டில் ஒட்டிவிடுங்கள். வாங்கும்போது அதே எண்ணைக் கேளுங்கள். உரிமத்தில் எவ்வளவு வைத்துக்கொள்ள அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும், அந்த எல்லைக்குள் ஒரு பருவத்துக்குப் போதுமானதை ஒரே லாட்டில் வாங்கிவிடுவது உத்தமம்.

போட்டி நாளில் தேவைக்குமேல் ஒரு முழுப் பெட்டி, அதே லாட்டில், பையில் இருக்கட்டும். மறுபடி சுட வேண்டி வந்தால் பக்கத்தில் நிற்பவரிடம் கடன் வாங்கிய தோட்டா உங்கள் சைட்டுக்குப் பொருந்தாது. முந்தைய நாளே தோட்டாக்களைக் கைப்பிடி கைப்பிடியாகத் துணியில் கொட்டி, நசுங்கிய மூக்கு, ஆடும் குண்டு, வளைந்த விளிம்பு இருந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். எடுத்ததைத் தனி டப்பாவில் போட்டு, கிளப்பில் எப்படி ஒப்படைக்கச் சொல்கிறார்களோ அப்படி ஒப்படையுங்கள்.

கையிருப்பு கால் பங்குக்கு வந்ததும் அடுத்த லாட்டில் இரண்டு பெட்டி வாங்கிச் சோதிக்கத் தொடங்குங்கள். முழுதும் தீர்ந்த பிறகு சோதித்தால், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தோட்டா ஒன்றுகூட இருக்காது.